இது தரை இல்லை

ஜூன் 3

அன்புள்ள மருமகளுக்கு (அன்புள்ள என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவைக்கிறேன்),

மாமா எழுதுவது. நாலு நாளாகப் போன் போடுகிறேன், மணியே அடிக்க மாட்டேன் என்கிறது. கேட்டால், என் நம்பரை நீ அடைத்து வைத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொல்கிறாள். "அவர் பேசினா பேச்சு ஆளுக்கு ஆள் மாறும், எழுதச் சொல்லுங்க, எழுதினா நிக்கும்" என்றாயாம். சொந்த அக்கா மகள் வாயிலிருந்து வருகிற வார்த்தையா இது?

சரி, எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் கட்டுரை எழுதி வாத்தியாரையே கண் கலங்க வைத்தவன் நான். ஒன்பதாம் வகுப்புக்குப் போகாதது வேறு கதை. வாத்தியார்களிடம் எனக்குச் சொல்லிக்கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். காலேஜில் எட்டு நிமிஷப் படம் எடுக்கணும், பாழடைந்த மாதிரி ஓர் இடம் வேணும் மாமா என்று வந்து நின்றவள் நீ. அஞ்சு வருஷமாக மூடிக்கிடக்கிற ஐஸ் பேக்டரியின் சாவி யாரிடம்? என்னிடம். இருபத்தைந்து வருஷம் அங்கே மிஷின் ஓட்டியவன் யார்? நான். நான் தொண்டையைச் செருமினால் கம்ப்ரஸர் ஓடும், முறைத்தால் நிற்கும். நடிக்க வேண்டியவன் காய்ச்சல் என்று கவிழ்த்துவிட்டான். மேஸ்திரி வேஷத்தை மாட்டிக்கொண்டு உன் மானத்தைக் காப்பாற்றியவனும் நான்தான்.

உன் சிநேகிதி, கேமரா பிடிக்கிற அந்த நெட்டை, என்னைப் படமெடுத்தபடியே பின்பக்கமாக நடந்து போனாள். ஒரு சத்தம். ஆளைக் காணோம். தரை வாயைப் பிளந்து விழுங்கிவிட்டது. அப்போது மாமா என்ன செய்தேன்? புலி மாதிரிப் பாய்ந்தேன். பத்தடிப் பள்ளம். ஒரு கையில் அவள், மறு கையில் கேமரா. அள்ளிக்கொண்டு மேலே வந்தேன். டாக்டரே கேட்டாராம், தூக்கியது யார், பயில்வானா என்று.

இதற்கு நீ மாலை போட வேண்டாம். ஆனால் மூஞ்சியைத் திருப்பலாமா? உன் பெயர் கெடக்கூடாது என்று உன் கல்லூரிக்கு நானே பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். "அந்தப் பெண்ணிடம் அங்கே போகாதே என்று மூன்று தடவை எச்சரித்தேன், மீறிப் போனாள்" என்று. இனி உன் மேல் ஒரு ஈ உட்காராது.

இப்படிக்கு, உன்னால் அவமானப்பட்ட மாமா.

ஜூன் 6

மாமா,

ஈ உட்காரவில்லைதான். நெட்டை தலையில் இடியே விழுந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைத் துறைத்தலைவர் என் முன்னால் வைத்துப் படித்தார். விசாரணை இருபத்து நாலாம் தேதி. நீங்கள் எழுதியது நின்றால், பாதுகாப்பு எச்சரிக்கையை மீறியவள் என்று நெட்டையைப் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வலது மணிக்கட்டில் தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். கேமரா பிடிக்கிற கை அது. கேட்டால் "விரல் அசையுதுடி, போதும்" என்கிறாள். அவளுக்கு இந்தக் கடித விஷயம் நேற்றுவரை தெரியாது. இன்று தெரியும்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறீர்களா? நான் சொல்கிறேன். பள்ளம் பத்தடி இல்லை, என் கழுத்துவரை. நீங்கள் பாயவில்லை. கதவோரம் போய்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு "ஐயோ ஐயோ" என்று கத்தினீர்கள். இறங்கியது நான். கேமரா உள்ளேயே கிடந்தது. ஆம்புலன்ஸ் வந்து வெளிக்கேட்டில் ஒன்பது நிமிஷம் நின்றது. ஏன்? நாங்கள் உள்ளே போன பிறகு நீங்கள்தான் கேட்டைப் பூட்டினீர்கள், வழியில் போகிறவர்கள் எட்டிப்பார்க்கிறார்கள் என்று. சாவி உங்கள் பேன்ட்டில். பேன்ட் எங்கே? மேஸ்திரி உடுப்பு மாட்டும்போது கழற்றி எங்கேயோ போட்டுவிட்டீர்கள். ஒன்பது நிமிஷம் ஒரு பேன்ட்டைத் தேடினோம் மாமா. அவள் உள்ளே கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று தடவை எச்சரித்தீர்களா? ஒரு தடவைகூட இல்லை. நீங்கள் அவளிடம் அன்று பேசியது ஒரே வாக்கியம்: "இடது பக்கம் எடும்மா, எனக்கு அதுதான் எடுப்பா இருக்கும்."

கல்லூரிக்கு நாலு வரி எழுதுங்கள். எச்சரித்தேன் என்று எழுதியது பொய் என்று. நாலே வரி. அதுவரை என்னிடம் பேச வேண்டாம்.

ஜூன் 9

ஏ மருமகளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. (மூன்றாவது வேளை உன் அம்மா கட்டாயப்படுத்தினாள்.) வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். நீ பாய்ந்ததோடு விடாமல் திரும்பி வந்து மிதிக்கிறாய்.

தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேனாம்! அந்தத் தொப்பியை என் தலையில் வைத்தது யார்? உன் டீச்சரம்மா கொடுத்தாளே ஓர் அபாயப் படிவம், அதில் கொட்டை எழுத்தில் என்ன இருந்தது? "பாதுகாப்பைக் கவனிப்பவர் அந்த நாளில் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது." அந்தக் கட்டத்தில் யார் பெயர்? என் பெயர். எழுதியது யார்? நீ. எழுதின மை காய்வதற்குள் "மாமா மாமா, நடிக்கிறவன் வரல, ஒரு தடவை நடந்து காட்டுங்களேன்" என்று கெஞ்சியது யார்? நான் ரெண்டு எட்டு நடந்ததும் "சூப்பர் மாமா! அப்படியே பிறவி மேஸ்திரி!" என்று குதித்தது யார்? காவல்காரனைப் பிடித்துக் கூத்தாட விட்டுவிட்டு, வீட்டில் திருட்டுப் போச்சே என்று காவல்காரனையே உதைக்கிறாய்.

கேமராக்காரி பின்னால் நடக்கும்போது அவள் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் கூடவே போகணும் என்று அந்தப் படிவத்திலேயே இருந்தது. அதுவும் என் வேலைதான். ஒரே ஆள் அவளுக்கு முன்னாலும் நடந்து, பின்னாலும் பிடிப்பது எப்படி? எனக்கு என்ன நாலு காலா?

நீ கேட்ட நாலு வரியை இத்துடன் வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது, இரண்டரைப் பக்கம். பொய் என்கிற வார்த்தை மரியாதையாக இல்லை. "பதற்றத்தில் எண்ணிக்கை சற்றுக் கூடியிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறேன். கம்ப்ரஸர் வெடிக்க இருந்ததை நான் வெறும் கையால் தடுத்த சம்பவத்தையும் சேர்த்திருக்கிறேன், ஆளின் தரம் அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அந்தப் பெண் போட்டிருந்த செருப்பு வழுக்குகிற ஜாதி என்றும் ஒரு வரி. யார் மேலும் பழி இல்லாமல் செருப்பு மேல் போட்டுவிட்டேன். இதற்குமேல் நியாயம் எங்கே கிடைக்கும்?

ஜூன் 13

மாமா,

இரண்டரைப் பக்கத்தையும் திருப்பி அனுப்புகிறேன். நெட்டை அன்று போட்டிருந்தது ஷூ. கயிறு கட்டிய ஷூ. செருப்பு மேல் பழி போடக்கூட உங்களுக்கு ஒரு பொய்ச் செருப்பு வேண்டியிருக்கிறது.

இனி நான் எழுதுவதைத் தொண்டையைச் செருமாமல் படியுங்கள்.

கல்லூரியிலிருந்து ஆள் போய் ஐஸ் பேக்டரியைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் சொன்ன முதல் வாக்கியம்: "அது தரையே இல்லையே!" நாங்கள் நடந்தது பெரிய தொட்டியின் மேல். ஒரு காலத்தில் உப்புத்தண்ணீர் நிரப்பி, அதில் தகர டப்பாக்களை இறக்கி ஐஸ் உறைய வைப்பார்களாம். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு மரமூடி. வரிசையாக மூடினால் பார்ப்பவர்களுக்குப் பலகைத் தரை. தண்ணீர் வற்றி அஞ்சு வருஷம். மூடியெல்லாம் உள்ளே உளுத்துப்போய், மேலே மட்டும் பலகை மாதிரி இருந்திருக்கிறது.

நேற்று அன்றைய காட்சியை நெட்டையும் நானும் போட்டுப் பார்த்தோம். கேமரா உடையவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "உங்க மாமா என்னமா நடிச்சிருக்காருடி. முகம் வெளுத்து, ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து வைக்கிறாரு. கேமரா வழியா பார்த்தப்ப எனக்கே சிலிர்த்துச்சு."

நான் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும். நீங்கள் நடுவில் நடக்கவே இல்லை. நேராக வாருங்கள் என்று நான் கத்துவது கேட்கிறது. நீங்கள் ஒதுங்கி ஒதுங்கி, தொட்டியின் சிமெண்டு விளிம்பிலேயே வருகிறீர்கள். கதவிலிருந்து கடைசி அடிவரை, ஒரு கால்கூட மரத்தில் படவில்லை. அவள் நடுவில், பின்னால் பின்னால் போகிறாள்.

உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் விளிம்பில் நடந்தீர்கள். ஆமாவா இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

ஜூன் 16

மருமகளுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். (உண்மையில் ஒன்று. ஒன்று என்றே வைத்துக்கொள்.)

என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். உன் அப்பாகூட என்னை இப்படி ஒரு வார்த்தையில் பதில் கேட்டதில்லை. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்தப் பேனா முள் வளைகிறது.

ஆமா.

போதுமா? போதாது. நீ விடமாட்டாய். ஆமா என்றால் எப்படித் தெரியும் என்பாய். எப்படித் தெரியும் என்று சொன்னால் மிச்சமும் சொல்ல வேண்டும். அந்த மிச்சத்துக்குப் பயந்துதான் அன்று வாயைத் திறக்கவில்லை.

நான் அந்த மிஷினை இருபத்தைந்து வருஷம் ஓட்டவில்லை. ஒரு நாள்கூட ஓட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்ததும் தொட்டி மேல்தான் போட்டார்கள். மூடியைத் திறந்து டப்பாவைத் தூக்கிவிட்டு மூடணும். பதினோராவது நாள் ஒருத்தன் மூட மறந்த இடத்தில் கால் வைத்தேன். தொடை வரைக்கும் உப்புத்தண்ணீர். குளிர் இல்லை அது, நெருப்பு. ரெண்டு பேர் இழுத்தார்கள். மறுநாள் தொட்டியைப் பார்த்ததும் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். என்னால் ஏற முடியாது என்று அழுதேன். ஆமா, அழுதேன். பாவம் என்று கேட்டில் உட்கார வைத்தார்கள். வருகிற லாரிக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலை. இருபத்தைந்து வருஷமும் அதுதான். அந்த இருபத்தைந்து வருஷமும் வீட்டுக்கு வந்து கம்ப்ரஸர் கதை சொன்னேன். நீ குழந்தையாக வாயைப் பிளந்து கேட்டாய். வேறு யார் என் கதையை அப்படிக் கேட்டார்கள்?

நீ படிவத்தைக் கொண்டுவந்து "மாமா, தரை எப்படி?" என்றாய். "லாரியே ஏத்தலாம்" என்றேன். அது தரை இல்லை, மூடி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும், காலை விட்டீங்களா என்று நெட்டை சிரிப்பாள், நீ சிரிப்பாய். ஆழம் தெரியாமல் காலை விட்டவன் இல்லை நான். தெரிந்தவன். தெரிந்தும் அடுத்தவளை விட்டவன்.

ஆனால் கேள். இதைக் கல்லூரிக்கு எழுத மாட்டேன். தலையை எடுத்தாலும் எழுத மாட்டேன். உன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

இன்னொன்றும் கேள், கோபம் உனக்கு மட்டும் குத்தகையா? படிவத்தில் "முந்தின நாள் முழு இடத்தையும் நடந்து பார்த்தீர்களா" என்கிற கட்டத்தில் நான் "மூன்று தடவை" என்று எழுதியபோது நீ பக்கத்தில்தான் இருந்தாய். உன் மாமா எதைச் சொன்னாலும் மூன்று தடவை என்றுதான் சொல்வான் என்பது உனக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டேதானே பேனாவை நீட்டினாய்? நான் பொய்யன். பொய்யனிடம் கையெழுத்து வாங்கினவளுக்கு என்ன பேர்?

ஜூன் 19

மாமா,

உங்கள் கடிதத்தை நடு ராத்திரி வரை வைத்துக்கொண்டு அழுதேன் என்றெல்லாம் எழுதமாட்டேன். வகுப்பு வராந்தாவில் நின்று படித்தேன். படித்துவிட்டுச் சுவரை ஒரு உதை உதைத்தேன். கால் வலிக்கிறது.

ஆமா. எனக்குத் தெரியும்.

அன்று கதவைத் திறந்தபோது உள்ளே அஞ்சு வருஷத் தூசி. மாவு சலித்து விட்ட மாதிரி. அதில் ஒரு காலடித் தடம் இல்லை. மூன்று தடவை நடந்த மனுஷனின் தடம் எங்கே? பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரியும், நீங்கள் நடக்கவில்லை என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீங்கள் பேன்ட் மாற்றப் போயிருந்தீர்கள். நெட்டை சொன்னாள், "ஒருமுறை நடந்து பார்த்துட்டு எடுப்போம்டி." நான் சொன்னேன், "யாரும் கால் வைக்காதீங்க, தூசி கலைஞ்சா ஷாட் போச்சு."

கேட்டது அவள். தடுத்தது நான். உங்கள் பொய் எனக்கு வசதியாக இருந்தது. படிவத்தில் நான்கு கட்டம் நிரம்பியது, தூசியும் அப்படியே கிடைத்தது. நீங்கள் கேட்ட பெயருக்குப் பதில்: பொய்யனிடம் கையெழுத்து வாங்கினவளுக்குப் பெயர் இயக்குநர்.

இதை அப்படியே எழுதி நேற்று துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டேன். பாதுகாப்பு ஆளை நடிக்க வைத்தது, கேட்டைப் பூட்டும்போது வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம். எனக்கு என்ன செய்வார்களோ செய்யட்டும். ஆனால் உங்கள் கடிதம் இன்னும் அங்கே கோப்பில் இருக்கிறது, முத்திரை குத்தி. நான் சிநேகிதிக்காகச் சொல்கிறேன் என்பார்கள். அவளை நீங்கள் எச்சரிக்கவில்லை என்று உங்களைத் தவிர யார் சொன்னாலும் எடுபடாது.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. என் மேல் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இன்னும் ஐந்து நாள்.

ஜூன் 22

மருமகளுக்கு,

தபாலில் போட்டால் தாமதமாகும் என்று நேரில் போய்க் கொடுத்துவிட்டேன். உன்னைப் பார்க்கவில்லை; பார்க்கப் பிடிக்கவில்லை. நகல் கீழே.

"கல்லூரிக்கு. இடத்தை நடந்து பார்த்ததாகப் படிவத்தில் எழுதினேன், நடக்கவில்லை. அது தரை இல்லை, தொட்டியின் மூடி என்று எனக்கு முன்பே தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. கேமரா பிடித்த பெண்ணை நான் ஒரு தடவையும் எச்சரிக்கவில்லை, முன்பு எழுதியது பொய். அவள் பெல்ட்டைப் பிடிக்க வேண்டியவன் நான், பிடிக்கவில்லை."

எண்ணிக்கொள். நாலு வரி.

கல்லூரி வாசலில் காவலாளி "யாரு நீங்க?" என்றான். வாயில் என்னென்னவோ வந்தது. "ஐஸ் பேக்டரி கேட்ல டோக்கன் கொடுத்தவன்" என்றேன். "உள்ள போங்க" என்றான். அவ்வளவுதான். ஆகாயம் இடிந்து விழவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

உன் அம்மாவிடம் நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது எனக்கு அப்பவே தெரியும்டா. எந்த மிஷின்காரன் சட்டையில எண்ணெய்க்கறை இல்லாம வீட்டுக்கு வருவான்?" என்றாள். இருபத்தைந்து வருஷம் கம்ப்ரஸர் கதையைக் கேட்டு "ம்" கொட்டியிருக்கிறாள் பாவி. உன் கோபத்தைவிட எனக்கு அது வலிக்கிறது.

நெட்டையைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கக் கொஞ்சம் பெரிதாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "மூடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே அங்கிள்" என்றாள். தயார் செய்ததை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இன்று காலை பேக்டரிக்குப் போனேன். உள்ளே போகவில்லை என்று நீ நினைப்பாய். போனேன். விளிம்பில் மண்டியிட்டு, கையில் ஒரு கம்பை வைத்துக்கொண்டு, மூடிகளைத் தட்டித் தட்டி எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு. கையெட்டுகிற வரிசைகளைத்தான் தட்டினேன், நடுவில் இருப்பதைக் கண்ணால் எண்ணினேன். தட்டியதில் முப்பத்தொன்று உளுத்துப்போனது. ஒரே தடவைதான் எண்ணினேன், மூன்று தடவை இல்லை.

சுற்றிக் கயிறு கட்டினேன். கதவில் ஒரு பலகை எழுதி ஆணியடித்தேன். "இது தரை இல்லை. மூடி. கால் வைக்காதே."

அதற்குக் கீழே இன்னும் எழுத நிறைய இடம் இருந்தது. பெயின்ட்டும் மிச்சம் இருந்தது. எனக்கு எவ்வளவோ சேர்க்கத் தோன்றியது.

சேர்க்கவில்லை.

மாமா